வெள்ளிக்கிழமைப் பெட்டிகள்

அட, அந்த பிஸ்கட் கவர எதுக்குங்க தம்பி மடிச்சு சட்டைப் பையில வெக்கறீங்க? ஜன்னல்தான் தொறந்து கெடக்குதே. ஓ, நீங்களும் அந்தக் கூட்டமா? வெய்யுங்க, வெய்யுங்க. உங்க கவரு, உங்க பையி. நான் ஒண்ணும் சொல்லலீங்க. ஆனா இப்படித்தான் ஒருத்தி மடிச்சு மடிச்சு வெச்சா. கடைசில முப்பது பொம்பளைங்க பொழப்புல மண்ணப் போட்டுட்டுப் போயிட்டா.

ஓசூருங்களா நீங்களும்? நல்லதாப் போச்சு. கோயமுத்தூர்ல பஸ் ஏறினதுல இருந்து பக்கத்துல ஒருத்தன் தூங்கிட்டே வந்தானுங்க, என்ர தோள்ல சாஞ்சுக்கிட்டு. சேலத்துல எறங்கித் தொலைஞ்சான். நீங்க தூங்கற ஆளாத் தெரியல.

என்ர பேரு சென்னியப்பனுங்க. மோட்டார் பம்பு கம்பெனி. கம்பெனி பேரு வேண்டாம் விடுங்க, சோறு போடற எடம். அங்க பேக்கிங் செக்சனுக்கு நாந்தான் இன்சார்ஜ். பம்பு செய்யறதுக்கு நூறு பேரு இருப்பானுங்க தம்பி, அத ஒடையாம ஊரு போய்ச் சேர வெக்கறவன் நானு. ரெண்டு பக்கமும் தெர்மாகோலு, மேல பாலித்தீன் கவரு, அட்டைப்பொட்டி, டேப்பு, பட்டை. அவ்வளவுதான். காஷ்மீரு வரைக்கும் போகுது. ஒண்ணு ஒடஞ்சுதுன்னு எவனும் சொன்னதில்ல. சொல்லியிருப்பானுங்க ஒருத்தன் ரெண்டு பேரு, லாரிக்காரன் தூக்கிப் போட்டு ஒடச்சிருப்பான், அது வேற.

அப்பத்தான் வந்தா அந்தப் புள்ள. சிந்துஜான்னு பேரு, விருதுநகரு பக்கம். அவ உத்தியோகத்துக்கு ஒரு பேரு, சஸ்டெய்ன்... அக்கப்போருங்க, வாயில நொழையாது. ரூம் கதவ விட அந்த போர்டு அகலம். நாங்க குப்பை மேடம்னுதான் சொல்லுவோம். அவ காதுபடவே சொல்லுவோம். சிரிச்சுக்குவா. ரோசம் இருக்கறவ சிரிப்பாளுங்களா?

வந்த அன்னிக்கு எங்க போனா தெரியுமா? ஆபீசுக்கா? மொதலாளியப் பாக்கவா? இல்லீங்க. பின்னால இருக்கற பழைய சாமான் கொட்டாய்க்குப் போனா. படிச்ச புள்ள, நல்ல துணி கட்டிக்கிட்டு, குப்பைக்குள்ள ஒக்காந்து தெர்மாகோல் துண்ட எடுத்து எடுத்து எடை போட்டா. எங்க பசங்க எல்லாம் வேலைய விட்டுட்டு வேடிக்கை பாத்தானுங்க. அப்பறம் எங்கிட்ட வந்து, "அண்ணா, ஒரு பம்பு கூட எவ்வளவு குப்பையச் சேத்து அனுப்பறோம்னு என்னைக்காவது பாத்திருக்கீங்களா?"ன்னு கேட்டா. "அம்மிணி, அது குப்பையில்ல, பேக்கிங்கு"ன்னேன். "பிரிச்ச நிமிசம் அது குப்பைதான் அண்ணா"ன்னா. பாருங்க குசும்ப! "பிரிக்கறவன் பாடு, நமக்கென்ன?"ன்னேன். "பிரிக்கறவன்தான் வேண்டாங்கறான்"னா.

அதுதாங்க விசயம். ஹாலந்துக்காரன் ஒருத்தன் ஆர்டர் குடுத்திருந்தான். தோட்டத்துக்குத் தண்ணி விடற சின்ன பம்பு, கன்டெய்னர் கன்டெய்னரா. ஆனா தெர்மாகோலு ஆகாதாம், பிளாஸ்டிக் ஆகாதாம், அவங்க ஊர்ல அதையெல்லாம் கொட்ட எடமில்லையாம். எடமில்லாத ஊருக்கு எதுக்குடா தோட்டம்? சொன்னா நம்ம மொதலாளி கேக்கறாரா? வெள்ளைக்காரன்னா இவங்களுக்கு இடுப்பே நிமிராது. அந்தப் புள்ளையக் கூப்புட்டு, "உன் பொறுப்பு"ன்னுட்டாரு.

அவ என்ன கொண்டாந்தா? முட்டை அட்டை! சத்தியமாங்க. கோழி முட்டைய அடுக்கி வெப்பாங்களே, பழைய பேப்பரக் கூழாக்கிச் செய்யற தட்டு, அதே. பம்பு பொருந்தற மாதிரி குழி வெச்சு அச்சு போட்டு வாங்கியாந்திருந்தா. பதினஞ்சு கிலோ இரும்ப முட்டை அட்டையில ஒக்கார வெச்சு ஹாலந்துக்கு அனுப்பறாளாம். நான் கேட்டேன், "அடைகாக்கக் கோழியும் கூட வருதா?"ன்னு. செக்சனே கொல்லுனு சிரிச்சுது. சிரிக்காதது ஒரே ஒருத்தி. என்ர மக.

ஆமாங்க, என்ர மகதான். கோகிலவாணி. ஒரே புள்ள. பி.எஸ்சி. முடிச்சுட்டு வேலை கெடைக்காம ஊட்டுல இருந்தா, நாந்தான் மொதலாளி கையக் காலப் புடிச்சு டெம்பரவரியா சேத்துவிட்டேன். அந்த ஹாலந்து ஆர்டருக்குன்னே தனியா ஒரு லைனு போட்டாங்க, முப்பது பொம்பளைங்க, இவதான் லீடரு. ஆர்டர் நெலச்சா முப்பது பேருக்கும் வேலை நிரந்தரம், ஆர்டர் போச்சுன்னா எல்லாரும் ஊட்டுக்குன்னு மொதல் நாளே சொல்லிட்டாங்க. இவளுக்கு அந்த வேலை மேல உசுரு. மேடம் அப்படிச் சொன்னாங்க, மேடம் இப்படிச் சொன்னாங்கன்னு சோத்துல கைய வெச்சா அதே பேச்சு. எங்கூட்டுலயும் பால் கவரக் கழுவிக் கொடியில காயப்போட ஆரம்பிச்சுட்டா. வர்றவன் போறவன் எல்லாம், "என்னங்ண்ணா, புதுத் துணியா?"ன்னு கேக்கறான். மானம் போச்சு.

இருங்க, வெள்ளிக்கிழமையப் பத்திச் சொல்லோணும். எங்க செக்சன நீங்க வெள்ளிக்கிழமை பாக்கோணுமுங்க தம்பி. ஷிப்டு ஆரம்பிக்கறதுக்கு முந்தியே நானே ஓசுப் பைப்பப் புடிச்சு, தரை பூராவும் அடிச்சுக் கழுவி, மஞ்சத்தண்ணி தெளிச்சு, சாமி படத்துக்கு மாலை போட்டு, பொரிகடலை வெச்சு, சூடம் காட்டிட்டுத்தான் மொதப் பொட்டியவே தொட விடுவேன். மத்த செக்சன்ல எல்லாம் சும்மா பேருக்கு ஒரு ஊதுவத்தி. எங்க பூசைக்குத்தான் மொதலாளியோட அம்மா வருவாங்க. பெரியம்மான்னு சொல்லுவோம். வெறுங்காலோட அந்த ஈரத்துல நடந்து வந்து, "சென்னியப்பா, கோயிலுக்குள்ள வந்தாப்பல இருக்குது"ம்பாங்க. அதுக்கு மேல ஒரு மனுசனுக்கு என்னங்க வேணும்?

இந்த முட்டை அட்டை வர்றப்ப மரப்பலகை மேல ஏத்தித்தான் வந்துது. பலகைக்கு அடியில ஓசு தண்ணி போகுமா? போகாது. அடியில தூசி, கரப்பான். பூசை பண்ற எடத்துல அது ஆகுங்களா? பலகையெல்லாம் தூக்கி வெளிய எறிஞ்சுட்டு, அட்டையத் தரையிலயே அடுக்கிட்டேன். என்ர செக்சன்ல எது எங்க இருக்கோணும்னு நாந்தான் சொல்லோணும்.

ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க? ஈரமா? என்னங்க ஈரம்? சாமிக்குத் தெளிக்கற தண்ணியப் போயி ஈரமுங்கறீங்க! இருவத்தஞ்சு வருசமா அதே தரை, அதே ஓசு. தெர்மாகோலும் அதே தரையிலதான் கெடந்துது, ஒரு துண்டு ஊறியிருக்குமா? ஊறாதில்ல? அப்பக் குத்தம் தண்ணியிலயா, அட்டையிலயா? நீங்களே சொல்லுங்க. அடுக்குல அடியில இருக்கற தட்டெல்லாம் கொஞ்சம் மெத்துன்னு இருக்கும், அவ்வளவுதான். பம்புக்கு மெத்தை போட்டாப்பல நல்லதுதானேன்னு அந்தப் பொம்பளைங்ககிட்டச் சொன்னேன். ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாத்துக்கிட்டாளுங்க. பொறாமை புடிச்சவளுங்க.

மொத கன்டெய்னர் போச்சு. போய்ச் சேந்ததும் ஹாலந்துக்காரன் போட்டோ அனுப்பினான். பொட்டியப் பிரிச்சா உள்ள தட்டு நசுங்கி, பம்பு ஒரு பக்கமா சாஞ்சு, பின்னால இருக்கற பிளாஸ்டிக் மூடி பொளந்து கெடக்குது. எல்லாப் பொட்டியும் இல்ல, கொஞ்சம். அன்னிக்கு நான் ரெண்டு டீ குடிச்சனுங்க. கேண்டீன்ல எல்லாருக்கும் கேக்கறாப்பல, "கோழி முட்டையாவது ஒடையாமப் போச்சா?"ன்னேன்.

அந்தப் புள்ள சோறு தண்ணியில்லாம அலைஞ்சா. ஏணி மேல ஏறி நின்னுக்கிட்டு, பேக் பண்ணின பொட்டியத் தொப்பு தொப்புன்னு கீழ போடறா. இடுப்பு ஒசரத்துல போட்டா, தோள் ஒசரத்துல போட்டா, தலைகீழாப் போட்டா. பிரிச்சுப் பாத்தா பம்பு குத்துக்கல்லாட்டம் இருக்குது. "பாருங்க அண்ணா, ஒண்ணும் ஆகல"ங்கறா. ஆகாதுங்க, அவ அதப் போட்டுப் பாத்தது புதன்கிழமை, மொதலாளி முன்னால. ஆளுக்குத் தகுந்தாப்பல நடிக்கற அட்டை.

ரெண்டாவது கன்டெய்னரும் அதே கூத்து. ஹாலந்துக்காரன் முடிவாச் சொல்லிட்டான், இன்னொரு தடவை இப்படி வந்தா ஆர்டர் கேன்சல்னு. அன்னிக்கு என்ர மக ஊட்டுக்கு வந்து ஒக்காந்தவ சோறு வேண்டாம்னுட்டா. "விடு, அந்தக் குப்பை மேடம் உருப்படியா ஒண்ணு செஞ்சாளா?"ன்னு நான் ஆறுதல்தான் சொன்னேன்.

மூணாம் நாளு சிந்துஜா என்ர செக்சனுக்கு வந்தா. பொட்டி மேல பேக் பண்ணின தேதி ஒட்டியிருப்போமில்ல, ஒடஞ்ச பொட்டியோட தேதி பூராவும் வாங்கிப் பாத்திருக்கா. அத்தனையும் வெள்ளிக்கிழமையாம். மத்த கெழமையில பேக் பண்ணினது ஒண்ணுகூட ஒடையலையாம். மெதுவாத்தான் சொன்னா, பக்கத்துல வந்து, வேற யாருக்கும் கேக்காத மாதிரி. "அண்ணா, பூசைய நிறுத்தச் சொல்லலீங்க. அட்டைய மட்டும் பலகை மேல வெச்சுக்கலாம். இல்லேன்னா வியாழக்கிழமை பொழுதோட கழுவி விட்டுரலாம், காலையில காஞ்சிருக்கும்"னா.

எனக்கு வந்துது பாருங்க கோவம்! நேத்து வந்தவ எனக்குத் தரை கழுவச் சொல்லித் தர்றா. அவ மெதுவாச் சொன்னா நானும் மெதுவாப் பேசோணுமா? நாலு பேருக்குக் கேக்கறாப்பல கேட்டேன், "ஏம்மா, வெள்ளிக்கிழமை பொட்டிக்கு ராசியில்லேங்கறயா? பூசை பண்ற நாள்ல தொட்டா ஒடையுதுங்கறயா?"ன்னு. அவ, "அண்ணா, நான் அப்படிச் சொல்லலியே"ன்னா. சொன்னாளா இல்லையா தம்பி? வெள்ளிக்கிழமைன்னு அவ வாயிலதானே வந்துது?

நேராப் பெரியம்மா ஊட்டுக்குப் போயிட்டேன். அவங்க நெத்தி நெறையாத் திருநீறு வெச்சிருக்கறவங்க. நான் சொல்லச் சொல்லக் கண்ணு கலங்கிட்டாங்க. "என்ர மாமனாரு ஆரம்பிச்ச பூசைடா சென்னியப்பா"ன்னாங்க. அன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள மொதலாளி அந்தப் புள்ளையக் கூப்புட்டு, வெள்ளிக்கிழமையில பேக்கிங் செக்சன் பக்கமே போக வேண்டாம்னு சொல்லிட்டாரு. அவ ஆதாரத்தோட பேசினாளாம். இவரு அம்மா மனசு நோகக்கூடாதுன்னாராம். அப்பறம் என்னைக் கூப்புட்டு, "அண்ணா, நீங்க கொஞ்சம் பாத்துக்கங்க"ன்னாரு. நான் பாத்துக்கிட்டேன். வழக்கம் மாறாமப் பாத்துக்கிட்டேன்.

ஊட்டுல என்ர மக சும்மா இருந்தாளா? ஒரு அட்டையத் தூக்கிட்டு வந்துட்டா. என்ர முன்னால வெச்சு ஒரு சொம்புத் தண்ணிய அது மேல ஊத்தினா. கொஞ்ச நேரம் விட்டு, தண்ணிக் கொடத்தத் தூக்கி அது மேல வெச்சா. பொசுக்குனு போச்சுங்க, இட்லிய அமுக்கின மாதிரி. "பாத்தீங்களாப்பா?"ன்னா. "நல்லாப் பாத்தேன், இதுதான் உன்ர மேடம் அட்டையோட லட்சணம்"னேன். அந்தக் கொடத்தப் புடிச்சுக்கிட்டே என்னையப் பாத்தா பாருங்க. என்ர ஊட்டுக்காரி உள்ள இருந்து, "ஒரே ஒரு வெள்ளிக்கிழமைதானுங்களே, அவளுக்காக விட்டுக் குடுத்தா என்ன?"ன்னா. இவளும் அதையே சொல்லி என்ர காலப் புடிச்சா. "எனக்காகப்பா. அந்த முப்பது பேர்ல புருசனில்லாதவங்க எத்தனை பேரு தெரியுமா?"ன்னா. நான் மசியல. ஒரு தடவை விட்டா அப்பறம் செக்சன்ல எவன் மதிப்பான்?

அந்த வெள்ளிக்கிழமை நான் போறப்பவே செக்சன்ல ஆளுங்க சத்தம். முப்பது பொம்பளைங்களும் எனக்கு முந்தி வந்து, அட்டையப் பூராவும் தூக்கிக் கேண்டீன் மேசைங்க மேல அடுக்கிட்டிருக்காளுங்க. என்ர மகதான் தலைமை. சாப்புடற மேசைங்க தம்பி! எச்சி பட்ட எடம்! அன்னிக்கு முழுக்க அதத்தான் பேக் பண்ணோணும், மறுநா கன்டெய்னர் கெளம்பறதே. நான் கத்தல. எல்லாத்தையும் என்ர கையால எறக்கி, பழையபடி தரையில, சொவத்தோரமா, வரிசையா அடுக்கினேன். பொம்பளைங்க ஒவ்வொருத்தியா ஒதுங்கிட்டாளுங்க. இவ மட்டும் அட்டைக்கு முன்னால வந்து நின்னுக்கிட்டா. ஓசத் தொறந்தேன். நகருவான்னு பாத்தேன். நகரல. அவ மேலயும் தண்ணி பட்டுது. பட்டா என்ன, சாமிக்கு ஊத்தற தண்ணி. தலையில இருந்து கால் வரைக்கும் சொட்டச் சொட்ட நின்னா. அப்பறம் பூசைக்கு எல்லாரும் கும்புட்டாங்க, இவளும் கும்புட்டா. அந்த ஈரத் துணியோடவே அன்னிக்கு முழுக்கப் பேக் பண்ணினா. காய்ச்சல் வந்துது. ஊட்டுக்காரி கஞ்சி வெச்சுக் குடுத்தா. சரியாப் போச்சு.

மூணாவது கன்டெய்னரப் பத்தி என்னத்தச் சொல்ல. பாதிக்குப் பாதி ஒடசல். ஆர்டர் போச்சு. அந்த லைனை மூடிட்டாங்க. முப்பது பேரும் சாப்பாட்டுக் கேரியரத் தூக்கிட்டு வாசலத் தாண்டிப் போனாங்க, அதுல ஒருத்தி என்னையப் பாத்து மண்ண வாரித் தூத்திட்டுப் போறா. எனக்கா? நானா அந்த அட்டையக் கொண்டாந்தேன்? சிந்துஜா வேலை வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு எங்கிட்ட வந்து, "போயிட்டு வரேனுங்க அண்ணா"ன்னா. எதுக்கு அண்ணாங்கறா? திட்டிட்டுப் போயிருந்தாக்கூட பதில் சொல்லியிருப்பேன். பெரியம்மா அடுத்த பூசையில எனக்குப் பொன்னாடை போத்தினாங்க. பழையபடி தெர்மாகோலு வந்துருச்சு. ஹாலந்துக்காரன் இல்லாம கம்பெனி ஓடாம நின்னுருச்சா? ஓடுதே. ஒரு ஷிப்டாவது ஓடுது.

என்ர மகளா? இவ அதுக்கப்பறம் எங்கூடப் பேசறத நிறுத்திட்டா. ஒரு நா காலையில பாத்தா பையத் தூக்கிட்டு நிக்கறா. ஓசூருக்காம். சிந்துஜா அங்க ஒரு பேட்டரி கம்பெனியில சேந்துட்டாளாம், இவளுக்கும் வேலை போட்டுத் தர்றாளாம். "அந்தக் குப்பைக்காரி பின்னாலயா போறே?"ன்னேன். அதுக்கு அவ சண்டைக்கு வரல தம்பி. செருப்பக் கழட்டி வெச்சுட்டு உள்ள வந்து, என்ர முன்னால நின்னு, "அப்பா, தண்ணியாலதான் கெட்டுதுன்னு ஒரே ஒரு தடவை சொல்லுங்க. நான் போகல. யார் முன்னாலயும் வேண்டாம், எங்கிட்ட மட்டும் சொல்லுங்க"ன்னா.

நான் எதுக்குங்க சொல்லோணும்? அவ பொறக்கறதுக்கு முந்தி இருந்து கழுவற தரை. "அட்டை சரியில்ல"ன்னேன். அவ செருப்பப் போட்டுக்கிட்டா. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அம்மாதான் கூடப் போனா.

அவ போயி மாசம் ஆகுது. அவ அம்மாகிட்டப் பேசறா, எனக்குத் தெரியும், அடுப்பங்கரையில குசுகுசுன்னு. நான் போனா வெச்சுருவாளுங்க. இன்னிக்கு யார்கிட்டயும் சொல்லாமத்தான் கெளம்பினேன். எதுக்குன்னா, சும்மாதான். புள்ள என்ன எடத்துல இருக்குது, என்ன திங்குதுன்னு பாக்க வேண்டாமா? இந்தப் பையில எள்ளுருண்டை இருக்குது, கடையில வாங்கினதுதான். எந்த கம்பெனின்னு தெரியும், எந்த ரோடுன்னு தெரியாது.

தம்பி, ஒரு உதவி. உங்க போனுல ஒரு நெம்பர் அடிச்சுக் குடுக்கறீங்களா? என்ர போன் இருக்குதுங்க, சார்ஜும் இருக்குது. என்ர நெம்பர்ல போனா அவ எடுக்கறதில்ல. வேலையில இருப்பா போல. இந்தாங்க, இதுதான் நெம்பரு.

அடிக்குதுங்களா? எடுத்துட்டாளா? குடு... வேண்டாம், வேண்டாம், நீங்களே பேசுங்க. அப்பா பஸ்ல வந்துட்டிருக்காருன்னு சொல்லுங்க. காய்ச்சல் மறுபடி வரலையேன்னு கேளுங்க. நான் கேட்டதா வேண்டாம், சும்மா கேளுங்க.

என்ன சொல்றா? ஏனுங்க கையில போன மூடிக்கிட்டு என்னையப் பாக்கறீங்க?

தண்ணியாலதான்னு சொல்றதுக்குத்தான் வர்றாரான்னு கேக்கறாளா? சொல்றதா இருந்தா பஸ் ஸ்டாண்டுக்கே வந்து கூட்டிட்டுப் போறாளாமா?

தொப்பூர் மலையில டவர் கெடைக்கலேன்னு சொல்லிப் போன வெச்சுருங்க தம்பி.